பாதியில் அறுந்த குலவை

அடையாறு, காந்தி நகர்
12-10-1975

திருமதி தங்கபுஷ்பம் கணேசமூர்த்தி அவர்களுக்கு,

இசக்கியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும்படி உங்கள் அண்ணன் சொன்னார்கள். விசாரித்துவிட்டேன்.

உங்கள் அண்ணன் மகள் சீதா மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். இது நாலாம் மாதம். முன்னே இரண்டு தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். வந்து அவள் தலையைத் தடவிக்கொடுக்கத்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. தை மாதம் வெள்ளிக்கிழமை பார்த்து வளைகாப்பு வைக்க இருக்கிறோம்.

என் பேச்சாக இருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. உங்கள் மருமகள்தான் ஒரே பிடியாக நிற்கிறாள். "அத்தை வந்து குலவை போட்டாத்தான் வளையலுக்குக் கையை நீட்டுவேன்" என்கிறாள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாலி ஏறும்போதும் வளையல் ஏறும்போதும் முதல் குலவை அத்தைக்காரி வாயிலிருந்துதான் வர வேண்டும். அதிலும் உங்கள் குலவை மூன்று தெரு தாண்டிக் கேட்கும் என்று பெயர். அவள் கல்யாணத்தில் என்ன செய்தீர்கள்? ஒரு சுற்று போட்டீர்கள், அடுத்ததைப் பாதியில் அறுத்தீர்கள், எழுந்து போனீர்கள். பந்திக்குக்கூட வரவில்லை. உங்களுக்கு எடுத்த புடவையின் நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

அறுந்த குலவையோடு ஏறிய தாலி. அதற்குப் பிறகு நடந்ததையும் இதையும் நான் முடிச்சுப் போடவில்லை. போடுகிறவர்கள் போடுகிறார்கள்.

வருவதாக இருந்தால் குலவை போட வாருங்கள். பாதியில் எழுந்து போவதற்கு வர வேண்டாம்.

இசக்கியம்மாள்


தியாகராய நகர்
17-10-1975

அன்புள்ள மதினிக்கு,

புஷ்பம் எழுதுவது. உறைமேல் "திருமதி தங்கபுஷ்பம் கணேசமூர்த்தி" என்று பார்த்ததும் எங்க வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது. வருமான வரி ஆபீஸ் என்று நினைத்துவிட்டார். மதினிதான் என்று சொன்னதும் இன்னும் கொஞ்சம் வியர்த்தது.

சீதா சங்கதி கேட்டு மனசு குளிர்ந்தது. அவளைத் தரையில் உட்கார விடாதீர்கள். மாடிப்படி ஏற விடாதீர்கள். நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்.

குலவைக்கு மட்டும் என்னை விட்டுவிடுங்கள் மதினி. தொண்டை கெட்டுப் போய்விட்டது. மிளகுக் கஷாயம் குடித்துக் குடித்து வாயே அஞ்சறைப்பெட்டி மாதிரி மணக்கிறது. நான் குலவை போட்டால் காந்தி நகரில் ஆட்டை வெட்டுகிறார்கள் என்று போலீஸ் வரும். ஊரிலிருந்து வேறு யாரையாவது வரவழையுங்கள். நான் இங்கிருந்தே வளையல் வாங்கி அனுப்புகிறேன். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும்.

நேரில் வரவும் தோதுப்படாது. ஏன் என்று கேட்காதீர்கள். கடைக்குப் போன் செய்தும் கேட்காதீர்கள். பாத்திரக் கடையில் ரகசியம் பேச முடியாது, ஒவ்வொரு குடமும் திருப்பிச் சொல்லும்.

உங்கள்
புஷ்பம்


அடையாறு
14-11-1975

திருமதி தங்கபுஷ்பம் அவர்களுக்கு,

தொண்டை கெட்டவர்கள் தொண்டை டாக்டரிடம் போவார்கள். எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை கனகராஜுக்கு வீடு மயிலாப்பூரில் என்பதை மறந்துவிட்டீர்கள். வாரத்தில் மூன்று நாள் நீங்கள் லஸ்ஸில் லேடி டாக்டர் அஃப்சருன்னிசா வீட்டுப் படியில் இறங்குகிறீர்களாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகம் வெளிறிப் போய். வாசல் பலகையில் "மகப்பேறு" என்று எழுதியிருக்கிறதாம். அவரே வாசித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

நேராகவே கேட்கிறேன். நாற்பத்தேழு வயதில் உண்டாகியிருக்கிறீர்களா? மூத்தவனுக்கு மீசை முளைத்துவிட்டது, பி.காம். படிக்கிறான். இது தெரிந்தால் உங்கள் அண்ணன் எந்த முகத்தோடு கடையில் உட்காருவார்கள்? இதற்காகத்தான் வர முடியாது என்றீர்களா? பிள்ளைத்தாச்சி மருமகளுக்குப் பிள்ளைத்தாச்சி அத்தை வளையல் போட்டு நான் எங்கும் பார்த்ததில்லை.

இரண்டு பிள்ளை பறிகொடுத்தவள் இங்கே வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதில் எழுதுங்கள். விளையாட்டுப் பேச்சு வேண்டாம்.

இசக்கி


தி. நகர்
18-11-1975

மதினி,

படித்து முடித்ததும் இதை அடுப்பில் போடுங்கள். அண்ணன் கண்ணில் பட்டால் நான் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவேன். அதுவும் முடியாது. ரயில் குலுங்கும்.

நான் உண்டாகவில்லை. கனகராஜ் கணக்கில் புலி என்பார் அண்ணன். இந்தக் கூட்டலில் தப்பு விட்டுவிட்டார் என்று சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இனிமேல் கிழிக்கக் காகிதம் இல்லை, சொல்லிவிடுகிறேன். இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால், சிரித்தால், என்னை மீறி ஒன்றுக்கு வந்துவிடுகிறது. கடைசிப் பயல் பிறந்தபோது "யானைக்குட்டி" என்று தூக்கிக் கொஞ்சினீர்களே, அவன் போன வழியில் கதவைச் சாத்தாமல் போய்விட்டான். முதலில் சொட்டுத்தான். அப்புறம் புடவை மாற்றும்படி ஆகிவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் வேட்டி குறைகிறதென்று சலவைக்காரரைத் திட்டுகிறார். பாவம், அந்த மனுஷன் சத்தியம் பண்ணி அழுகிறார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

நாலு பேரைச் சிரிக்க வைக்கிற வாய் என்னுடையது. இப்போது யாராவது திருப்பிச் சிரிப்பு மூட்டினால் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்கிறேன். புஷ்பத்துக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்கிறார்கள். பூஜை அறைக்குள் கால் வைத்து வருஷமாகிறது. வாசலில் நின்று கற்பூர வாசனையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. நாக்கு வறண்டு மேல்வாயில் ஒட்டிக்கொள்கிறது.

கல்யாணத்தன்று நடந்ததும் இதுதான். குலவை நாக்கில் பிறக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை மதினி. அடிவயிற்றை எக்கித் தள்ளினால்தான் அது பந்தலைத் தாண்டும். கெட்டிமேளம் கொட்டியதும் மூச்சை இழுத்துத் தள்ளினேன். முதல் சுற்று ஏறியது. அடுத்த சுற்றில் வெதுவெதுவென்று காலோடு இறங்கியது. கீழே ஜமுக்காளம். ஒரு கை தூரத்தில் சீதா, தலையைக் குனிந்துகொண்டு, கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருக்கிறது. எனக்கு நாக்கு நின்றுவிட்டது. முதுகைச் சுவரோடு ஒட்டி நண்டு மாதிரி நகர்ந்து காய்கறி வைத்திருந்த அறைக்குள் போய்ப் பூசணிக்காய் மேல் உட்கார்ந்துவிட்டேன். சமையற்காரர் வந்து, "எந்திரிங்கம்மா, பூசணி எடுக்கணும்" என்றார். "மயக்கமா வருது, கத்திரிக்காயை எடுத்துட்டுப் போங்க" என்றேன். அன்றைக்கு உங்கள் பந்தியில் பூசணிக் கூட்டு இல்லாமல் போனது என்னால்தான்.

முதல் பிள்ளை கலைந்தபோது "அறுந்த குலவை" என்று நீங்கள் சொன்னது என் காதுக்கு வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். எந்த முகத்தோடு அவளை வந்து பார்ப்பேன்?

உங்கள் முதல் கடிதம் வந்த அதே வாரம் டாக்டரம்மாவிடம் போனேன். தை மாதத்துக்குள் சரியாக வேண்டும், குலவை போட வேண்டும் என்றேன். "குலவைன்னா என்னம்மா?" என்றார். வாயால் விளக்கினேன், மெதுவாகத்தான். அவர் சிரிக்கவில்லை. சிறுநீர்ப் பைக்கு அடியில் தொட்டில் துணி மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். பிரசவத்தில் அது தொய்ந்து போனால் வயிறு அழுத்தும்போது பையின் வாயை மூட முடிவதில்லையாம். ஆபரேஷன் உண்டு. எனக்குக் கத்தி என்றால் வெங்காயத்தோடு சரி. கொழும்பில் போய்ப் படித்துவந்த சீன ஊசி வைத்தியமும் அவரிடம் இருக்கிறது. முடி மாதிரி ஊசி. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் குத்துகிறார். ஊசி நுனியில் கவ்வி போட்டு, டிரான்சிஸ்டர் மாதிரி ஒரு பெட்டியில் மாட்டிக் குமிழைத் திருகுகிறார். உள்ளே யாரோ மோர்சிங் வாசிக்கிற மாதிரி துடிக்கிறது. குப்புறப் படுத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஆயா கெங்கம்மா வந்து, "இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற? பேட்டரி கட்டைம்மா அது. எறும்பு ஊர்றாப்ல இருக்கும், அவ்ளோதான்" என்றாள். எறும்பு இல்லை மதினி, கட்டெறும்பு. படியில் இறங்கும்போது கால் பின்னுகிறது. கனகராஜ் பார்த்தது அதைத்தான்.

"சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குப் பாதிதான். சத்தியம் பண்ண மாட்டேன்மா" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பாதி போதாதே எனக்கு. பாதியில்தானே போன தடவையும் நின்றது.

புஷ்பம்


அடையாறு
25-11-1975

புஷ்பம்,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இரண்டு வருஷமாக உன்னைப் பற்றி நான் பேசியதையெல்லாம் எந்த அடுப்பில் போடுவது என்று தெரியவில்லை.

என்னிடம் சொல்லியிருக்கலாம். யாரோவா நான்? உன் கோபமா, திமிரா என்று கேட்டுக் கேட்டு நானே என் வாயை அசிங்கப்படுத்திக்கொண்டேன். சொல்லாததற்கு உன்னை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

உன் அண்ணனிடம் சொல்லவில்லை. கனகராஜிடம், உனக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் தைலம் கொடுத்தனுப்புகிறேன் என்கிறார். வந்தால் வாங்கிக்கொள்.

சீதாவிடம், அத்தைக்குத் தொண்டை சரியில்லை, அவள் குலவை நிச்சயமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் என்ன செய்யட்டும் புஷ்பம்? டாக்டர் எல்லாம் நன்றாயிருக்கிறது என்கிறார். இவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த ஊசியை விட்டுவிடாதே. இன்னொன்று. தும்மும்போது மட்டும் வந்தாலும் இதே வியாதிதானா? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

இசக்கி


தி. நகர்
15-12-1975

அன்புள்ள மதினிக்கு,

தும்மும்போது மட்டும் வந்தாலும் இதே வியாதிதானாம். பொது அறிவுக்குத்தான் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே பார்த்தால் சுலபம் என்றும் டாக்டரம்மா சொன்னார். அதுவும் பொது அறிவு.

தைலம் வந்தது. வீட்டுக்காரர் முழங்காலில் தடவிக்கொண்டு கனகராஜை வாழ்த்துகிறார்.

நல்ல சேதி ஒன்று இருக்கிறது. கண் பட்டுவிடும் என்று சின்ன எழுத்தில் எழுதுகிறேன். போன வாரம் மழையில் நனைந்துவிட்டு முன்கட்டில் நின்று தும்மினேன். தொடர்ந்து ஐந்தாறு தும்மல். ஒன்றும் ஆகவில்லை. நின்ற இடத்தில் நின்று அழுதேன். பக்கத்து வீட்டம்மாள், "ஜலதோஷத்துக்கா இவ்வளவு அழுகை?" என்றாள்.

ஊசியோடு வீட்டுப்பாடமும் உண்டு. வந்துவிட்ட ஒன்றை அடக்குவது போலக் கீழே இறுக்கிப் பிடித்து, எண்ணி, விட வேண்டும். நின்றாலும் நடந்தாலும் செய்யலாம். நேற்று பாண்டி பஜாரில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே இறுக்கினேன். கூடைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வெலய சொல்றதுக்கு முன்னியே மூஞ்ச இப்டி வச்சிகினா எப்டி?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது மதினி. சிரித்தேன்! கொஞ்சம் கசிந்தது. கொஞ்சம்தான். முன்பெல்லாம் அப்படிச் சிரித்திருந்தால் ரிக்‌ஷா பிடித்திருக்க வேண்டும்.

பெட்டிக்குமிழை டாக்டரம்மா ஒரு கோடு ஏற்றியிருக்கிறார். கெங்கம்மாவுக்கு என்மேல் பெருமை. "நம்ம டி.நகர் அம்மா இப்போ மூணு நெம்பர்ல கீது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுகிறாள். மறைத்து மறைத்து நான் வந்த லட்சணம் இது.

சீதாவிடம் நிச்சயம் என்று சொல்லாதீர்கள். ஆனால் இல்லை என்றும் சொல்லாதீர்கள்.

புஷ்பம்


தி. நகர்
12-1-1976

மதினி,

வேறு ஆள் பாருங்கள்.

வியாழக்கிழமை காலையில் குலவை போட்டுப் பார்த்தேன். வீட்டில் போட்டால் தெருவே கூடும் என்று ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் நம் எவர்சில்வர் பட்டறைக்குப் போனேன். அங்கே தட்டும் சத்தத்தில் யானை பிளிறினாலும் கேட்காது. பின்பக்கம் தகடு அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று, முருகனை நினைத்துக்கொண்டு, மூச்சை இழுத்தேன். முதல் சுற்று மளமளவென்று ஏறியது. பழைய குரல் மதினி, அப்படியே இருக்கிறது. ரெண்டாவது எடுத்தேன். அதற்குள் பட்டறை மேஸ்திரி அங்கமுத்து, யாரோ மெஷினில் கை மாட்டிக்கொண்டு அலறுகிறார்கள் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டான். பட்டறை கப்பென்று அடங்கிவிட்டது. நடுவில் என் குலவை மட்டும். எல்லோரும் ஓடி வந்தார்கள்.

அவர்கள் வந்ததால் நான் நிறுத்தவில்லை. அதற்கு முன்பே புடவை நனைந்துவிட்டது. அதே இடம். அதே ரெண்டாவது சுற்று.

தகடுகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு, "எலியைப் பாத்துப் பயந்துட்டேன், போங்கலே" என்றேன். போய்விட்டார்கள். ஒரு சுளுவான பொய் சொல்லிவிட்டேன் என்று முன்பெல்லாம் சந்தோஷப்படுவேன். அன்றைக்கு உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே போய்ச் சொன்னேன், டாக்டரம்மா இன்னும் நாள் வேண்டும் என்கிறார். தும்மலுக்கும் குலவைக்கும் வித்தியாசம் இருக்கிறது, தசை அவ்வளவு சீக்கிரம் ஏறாது, விடாமல் வாருங்கள் என்கிறார். வளைகாப்புக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. இவ்வளவு நாள் குப்புறக் கிடந்ததெல்லாம் எதற்கு? சனிக்கிழமை போகவில்லை. இனிமேலும் போகப்போவதில்லை.

சீதாவின் மூன்றாவது பிள்ளைக்கும் நான் பாதியில் அறுக்கமாட்டேன் மதினி. என்னைக் கூப்பிடாதீர்கள். அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நான் உயிரோடு இருக்கமாட்டேன்.

புஷ்பம்


அடையாறு
பொங்கல் மறுநாள், 1976

புஷ்பம்,

உன் கடிதத்தைச் சீதா படித்துவிட்டாள். நான் அடுப்பில் போடுமுன் அவள் கைக்குப் போய்விட்டது. பிடுங்கப் பார்த்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எப்படி இழுப்பது?

அழுவாள் என்று நினைத்தேன். "அத்தைக்கு என்மேலே கோவம் இல்லையா, அப்பம்?" என்றாள். இதைத்தான் புஷ்பம், இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளை மனசில் வைத்திருந்திருக்கிறது. தாலி ஏறும்போது அத்தை எழுந்து போனது தான் ஏதோ செய்துவிட்டதால் என்று. குலவை மந்திரம் என்று அவள் நம்பவில்லை. நான்தான் முட்டாள்தனமாக நம்பினேன். அவளுக்கு உன் சத்தம் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் வா. பட்டுப்புடவை கட்டாதே. நூல் புடவை, பழையது. மாற்றுப்புடவை இங்கே எடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டு எழுதாதே. கேட்டாலும் பதில் எழுத எனக்கு நேரமில்லை. அண்டா விளக்க வேண்டும்.

சனிக்கிழமை ஊசிக்குப் போகாததற்கு நேரில் திட்டுகிறேன்.

மதினி


தி. நகர்
25-1-1976

மதினி,

நெற்றியிலிருந்து மஞ்சள் இன்னும் போகவில்லை. வீட்டுக்காரர் எனக்கு மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி வாங்கி வந்திருக்கிறார்.

நம் ஊரில் அம்மன் கொடைக்கு முறைக்காரி மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், சரி. வளைகாப்புக்கு ஊற்றி யார் பார்த்தது? வாசல் படியில் நான் கால் வைத்ததும், "ரெண்டு வருசம் கழிச்சு வாரா அத்தைக்காரி, சும்மா விடுவமா?" என்று குடத்தைக் கவிழ்த்தீர்களே, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. குடம் குடமாக! அண்டாவே காலி. உங்கள் சம்பந்தியம்மாள் முகத்தைப் பார்த்தீர்களா? சென்னைக்காரர்கள் நம்மைக் காட்டுவாசிகள் என்று முடிவு பண்ணியிருப்பார்கள். கூடம் முழுக்கத் தண்ணீர். வந்தவர்களெல்லாம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நான் நிற்கிறேன். அப்போதுதான் உங்கள் கண்ணைப் பார்த்தேன். "போடுட்டி இப்பம்" என்றீர்கள்.

எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது.

மூன்று சுற்று மதினி. ஒன்று. ரெண்டு. மூன்று. மூன்றாவது காந்தி நகரைத் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். சீதா கையை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, உதைக்குது, உதைக்குது" என்றாள். பச்சையும் சிவப்புமாக ஒவ்வொரு வளையலாக அவள் கையில் ஏற்றினேன்.

இன்று ஊசிக்குப் போனேன். வழக்கமான நாள் இல்லாவிட்டாலும், திட்டு வாங்கிவிட்டுத் தாமதிக்க முடியுமா. டாக்டரம்மா ஆவலாக, "மூணு சுத்தும் போட்டீங்களா? லீக் ஆச்சா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். தெரியாது டாக்டர் என்றேன். ஏற்கெனவே நனைந்திருந்தேன். எது அண்டாத் தண்ணீர், எது என் தண்ணீர் என்று எந்தச் சாமிக்கும் தெரியாது. கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதாமலே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அதற்கு மட்டும் கணக்கு உண்டு: சொட்டுக்கூட இல்லை.

இப்படிச் சிரிக்கிற தெம்பு கொஞ்ச நாளைக்குத்தானோ என்னவோ. இருக்கட்டும். செவ்வாய், வியாழன், சனி இனி விடமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என்மேல் ஊற்றிக்கொண்டே நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரிப்பின் நடுவில் சட்டென்று நின்று, கடைசிக் குடத்தை உங்கள் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டீர்கள். புதுப் பட்டு. அது எதற்கு மதினி? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

புஷ்பம்


அடையாறு
29-1-1976

புஷ்பம்,

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு லஸ் முனையில் நில். நானும் டாக்டரம்மாவைப் பார்க்க வாரேன். உன் அண்ணனிடம் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லியிருக்கிறேன். கனகராஜ் தைலம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

படியேறி உள்ளே போகும்வரை வாயைத் திறக்காதே. வழியில் என்னைச் சிரிக்க வைத்தாயோ, கொன்றுவிடுவேன்.

மதினி